'போர்டு போச்சு' என்று சொன்னேன்

2006-ஆம் வருடம், ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அப்போது செங்கல்பட்டில், ரயில் நிலையத்திலிருந்து பஜாருக்குப் போகும் தெருவில், ஒரு மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். நான் ஒருவன்தான். முதலாளியும் நானே, மெக்கானிக்கும் நானே, காலையில் கூட்டிப் பெருக்குகிறவனும் நானே.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கே கடையைச் சாத்துவதாக இருந்தேன். கருங்குழியில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. அம்மாவும் மாமாவும் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையைக் கடையின் உள்பக்க ஆணியில் மாட்டிவைத்து, அதில் தூசி படாமல் அன்றைய வேலையைச் செய்துகொண்டிருந்தேன்.

மூன்றாகக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த, உப்பேறிய உடம்பு. மஞ்சள் பைக்குள்ளிருந்து துண்டில் சுற்றிய ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல மேஜையில் வைத்தார்.

"ரெண்டு நாளா ஆன் ஆவல சார். லைட்டு எரிது, உள்ள காத்தாடி சுத்துது. படம் மட்டும் வரமாட்டேங்குது. செவ்வாக் கெயம எங்களுக்கு விசாரணை கீது."

என்ன விசாரணை என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். முட்டுக்காட்டைத் தாண்டி, மாமல்லபுரத்துக்குப் போகும் கடற்கரைச் சாலையில் அவருடைய குப்பம். சாலையிலிருந்து கடலுக்குப் போக ஒரே ஒரு பாதை. படகு இழுப்பது, வலை காயப்போடுவது, பெண்கள் மீன்கூடையோடு சாலைக்கு வருவது எல்லாம் அந்தப் பாதையில்தான். பக்கத்து நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் சொகுசு விடுதி கட்ட வாங்கியிருந்தார். பாதையும் தன் நிலத்தில் சேர்ந்தது என்று சொல்லிக் கம்பி வேலி போட ஆரம்பித்துவிட்டார். ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள். அந்த இடத்தை நீங்கள் புழங்கிவந்ததற்கு என்ன ஆதாரம் என்று அதிகாரி கேட்டிருந்தார்.

ஆதாரம் இந்த லேப்டாப்பில் இருந்தது. சுனாமிக்குப் பிறகு அங்கே வந்து தங்கி உதவி செய்த ஒரு வெளிநாட்டு அம்மா, ஒரு வருடம் முழுக்க அந்தக் கரையைப் போட்டோ எடுத்திருக்கிறார். ஒவ்வொரு போட்டோவின் ஓரத்திலும் தேதி விழுந்திருக்கும். தன் நாட்டுக்குத் திரும்பும்போது, கம்ப்யூட்டரைக் கொஞ்சம் பழகிக்கொண்டவர் இவர் ஒருவர்தான் என்று இவரிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த அம்மாவுக்கு மெயில் போட்டும் பதில் இல்லையாம்.

நான் சார்ஜரைச் செருகி பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி ஒருமுறை அழுத்தினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"போர்டு போச்சு" என்றேன். மதர்போர்டே செத்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், அது ஒரு வசதியான வார்த்தை. திறந்து பார்க்காமலே சொல்லலாம். யாரும் எதிர்த்துக் கேட்க முடியாது.

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "பொட்டி போனா போவட்டும் சார். உள்ள கீற போட்டோவ மட்டும் எட்க்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியும். பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் ஹார்டு டிஸ்க் கையில் வந்துவிடும். அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி போட்டோக்களை ஒரு சிடியில் போட்டுத் தர அரை மணி நேரம் போதும். அதற்கு வேண்டிய ஒயர் என் மேஜை டிராயரில் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போர்டு போறப்ப டிஸ்க்கையும் சேர்த்துத் தூக்கியிருக்கும்ணே. ஒண்ணும் தேறாது." அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

"இன்னொரு தபா பாருங்க சார். திங்கக் கெயம காலைல வரேன்" என்று சொல்லி, என் நோட்டில் தன் செல் நம்பரை எழுதிவைத்துவிட்டு அவர் போனார். நான் சட்டையை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அன்றைக்கே பெண் பிடித்துப்போய், தாம்பூலம் மாற்ற நாளும் குறித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன். லேப்டாப் நினைவுக்கே வரவில்லை.

திங்கட்கிழமை நான் கடையைத் திறப்பதற்கு முன்பே அவர் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் லேப்டாப் ஞாபகமே வந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லி, பத்து நிமிடம் இருங்கள் என்று திறந்து பார்த்திருக்கலாம். அப்படிச் செய்தால் சனிக்கிழமை சொன்னது பொய் என்று ஆகிவிடுமே. "ரெண்டு நாளா பார்த்தேண்ணே. முடியல" என்றேன்.

அவர் லேப்டாப்பின் மேல் உள்ளங்கையை ஒருமுறை வைத்து எடுத்தார். "இத்த நா எட்த்துகினு போயி இன்னா பண்றது. நீங்களே வச்சிக்குங்க சார்." துண்டை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

புரட்டாசியில் ஒரு நாள் விடாத மழை. கடைக்கு யாரும் வரவில்லை. பொழுதுபோகாமல் அந்த லேப்டாப்பைத் திறந்தேன். கடலோரத்திலிருந்து வரும் மெஷின்களுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. உப்புக்காற்று பட்டு ரேம் கார்டின் கால்களில் பச்சையாகப் பாசி மாதிரி படியும். படிந்தால் கரண்ட் வரும், ஃபேன் ஓடும், படம் வராது. அங்கிருந்து வந்த எத்தனையோ கம்ப்யூட்டர்களில் இதை நான் பார்த்திருக்கிறேன். இதிலும் அதேதான். பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரால் நாலு தேய்ப்புத் தேய்த்து, திரும்பச் செருகிப் பட்டனை அழுத்தினேன். படம் வந்துவிட்டது.

உள்ளே நூற்றுக்கணக்கில் போட்டோக்கள். கரையில் வரிசையாக ஏற்றி நிறுத்திய படகுகள். பாதையின் இரண்டு பக்கமும் காயும் வலைகள். தலையில் கூடையோடு நடந்துவரும் பெண்கள். ஒரு கல்யாண ஊர்வலமே அந்தப் பாதையில் போகிறது. எல்லாவற்றின் ஓரத்திலும் சிவப்பு எழுத்தில் தேதி.

நோட்டைப் புரட்டி அவர் நம்பரை எடுத்தேன். போனைக் கையில் எடுத்து ஆறு எண்களை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். விசாரணைதான் முடிந்துவிட்டதே, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மேல்முறையீடு என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நாளைக்குப் பேசலாம் என்று ஒரு வாரம் போனது. அப்புறம், இத்தனை நாள் கழித்து எப்படிச் சொல்வது என்று இன்னொரு மாதம் போனது. ஐப்பசியில் ஒருவர் வந்து பழைய லேப்டாப் கிடைக்குமா என்று கேட்டார். எல்லாவற்றையும் அழித்து, புதிதாக விண்டோஸ் போட்டு, அவரிடம் விற்றுவிட்டேன். முழுதாக அழிந்து முடிகிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். நடுவில் நிறுத்த நிறைய நேரம் இருந்தது. நிறுத்தவில்லை.

மூன்று வருடம் ஓடியது. கருங்குழிப் பெண்ணோடு கல்யாணம் முடிந்து, ஒரு பெண் குழந்தையும் பிறந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் மாமல்லபுரத்துக்கு பைக்கில் போனோம். அங்கே சரியான கூட்டம். கூட்டமில்லாத இடமாகப் பார்த்துக் குழந்தைக்குக் கடலைக் காட்டலாம் என்று மனைவி சொன்னதால் முட்டுக்காடு பக்கமாக வண்டியை விட்டேன். வழியில் ஓர் இடத்தில் சாலையோரமாக நீளமான வெள்ளைக் காம்பவுண்டு சுவர். அது முடியும் இடத்தில் ஒரு தள்ளுவண்டியில் மாங்காயும் அன்னாசியும் நறுக்கி வைத்திருந்தார்கள். குழந்தை கை நீட்டியது. நிறுத்தினேன்.

வண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். நான் அவரை அடையாளம் காண்பதற்கு முன்பே அவர் என்னைக் கண்டுகொண்டார்.

"சார், செங்கல்பட்டு கம்ப்யூட்டர் கடதான நீங்க?" என்று சிரித்தார். மனைவியிடம் திரும்பி, "நல்ல மன்சன்மா. என் பொட்டிய ரெண்டு நாளு வச்சிப் பாத்துட்டு, கைநீட்டி ஒரு ரூவா வாங்கல" என்றார். ஒரு மாங்காய்த் துண்டில் உப்பு மட்டும் தடவி, காரம் படாமல் குழந்தையின் கையில் கொடுத்தார்.

"கடலுக்குப் போறதில்லையாண்ணே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஊர்ல என்ன சேத்துக்கறதில்ல சார்" என்றார். மாங்காய் நறுக்கியபடியே, வேறு யாருக்கோ நடந்ததைப் போல அவர் சொன்னது இதுதான். விசாரணை அன்றைக்கு ஊரே திரண்டு போயிருக்கிறது. போட்டோ எங்கே என்று அதிகாரி கேட்டதும் இவர் கையை விரித்திருக்கிறார். அதுவரைக்கும் வேலை செய்த பெட்டி, சரியாக விசாரணை நெருங்கும்போது எப்படிக் கெட்டது? கெட்ட பெட்டியை ஏன் திருப்பிக் கொண்டுவரவில்லை? விடுதிக்காரரிடம் இவர் விலைபோய்விட்டார் என்று ஊர்க்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பாதை போனது. இவரைப் படகில் ஏற்றக் கூடாது என்று ஊர் கட்டுப்பாடு. கூடப் பிறந்த தம்பியே பேசுவதில்லை.

மனைவி குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல், அவரைப் பார்த்துச் சொன்னேன். சனிக்கிழமை திறந்தே பார்க்காததில் தொடங்கி, மழை நாளில் அது ஓடியது, எல்லாவற்றையும் அழித்து விற்றது வரைக்கும் சொன்னேன். மனைவியின் கை நின்றுவிட்டது.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "ரப்பர்லயா? பள்ளிக்கூடத்துப் புள்ளிங்க வச்சிகினு இருக்குமே, அதுலயா?"

"ஆமாண்ணே."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் மணிக்கட்டைப் பிடித்து, "வா. எங்க ஊராண்ட வந்து இத்த சொல்லு" என்றார். அதுவரை 'நீங்க'வாக இருந்தவன் 'நீ' ஆகிவிட்டேன். வண்டியை அப்படியே விட்டுவிட்டு முன்னால் நடந்தார். மனைவியைக் குழந்தையோடு அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போனேன். விடுதிச் சுவரைச் சுற்றிக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய, ரொம்பத் தூரம் நடக்க வேண்டியிருந்தது. எதிரே ஒரு பெண் மீன்கூடையோடு அதே சுற்றுவழியில் வந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வலைக் கொட்டகையில் ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். ஊருக்குத் தலைவர் போல இருந்த பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் கைகூப்பி எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் பெரியவர் நிதானமாகக் கேட்டார்.

"அது ஓடிச்சின்னு சொல்றியே, இப்ப எங்க கீது?"

"வித்துட்டேன்யா."

"அந்த போட்டோ?"

"அழிச்சுட்டேன்."

"ஓடனத வேற யார்னா பாத்தாங்களா?"

"இல்லை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "மூணு வருசம் கயிச்சி ஒர்த்தன சாட்சி சொல்ல இட்டாந்துகீறான் பாரு. இவனுக்கு எவ்ளோ குட்த்தானாம்?" என்றார். அவர்தான் அந்தத் தம்பி என்று பிறகு தெரிந்தது.

நான் சத்தியம் செய்தேன். என் கடைக்கு வந்து விசாரிக்கச் சொன்னேன். பேசப் பேச, ஒப்பித்துவிட்டு வந்தவன் மாதிரி எனக்கே என் குரல் கேட்டது. "சரி, போய்வாப்பா" என்று பெரியவர் கையைக் காட்டினார். அவ்வளவுதான்.

வந்த வழியே திரும்பினோம். தள்ளுவண்டியில் ஆடு வாய்வைத்துவிடாமல் என் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மீதியிருந்த துண்டுகளைச் சாக்கால் மூடினார். நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை.

"நீ சொல்லாமயே போயிர்க்கலாம் சார்" என்றார். "இத்தினி நாளு, பொட்டி கெட்டுப்போச்சி, நம்ம நேரம், யாரு இன்னா பண்றதுன்னு நெனச்சிகினுதான் படுப்பேன். தூக்கம் வந்துரும். இனிமே நா எத்த நெனச்சிகினு படுக்கறது?"

வண்டியைத் தள்ளிக்கொண்டு சுவரோரமாகப் போய்விட்டார்.

செங்கல்பட்டுக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூங்கப் போட்ட பிறகு மனைவி, "அந்த சனிக்கிழமை, எங்க வீட்டுக்கு வந்த அன்னிக்குத்தானே?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அடுத்த மாதம் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். தள்ளுவண்டி இல்லை. பக்கத்தில் இளநீர் விற்றவரிடம் விசாரித்தேன். குடும்பத்தோடு சென்னையில் காசிமேட்டுப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார். அங்கே எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. நோட்டிலிருந்த நம்பருக்கு இந்தத் தடவை பத்து எண்களையும் அழுத்தினேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றார்கள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள். என் மனசு லேசானதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவரிடம் மிச்சமிருந்த தூக்கத்தையும் அன்றைக்கு நான்தான் எடுத்துக்கொண்டு வந்தேன் என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரிகிறது.