மடிக்கும் காகிதம்

எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மெயில் வண்டி. சின்ன ஸ்டேஷன் எதிலும் நிற்கமாட்டார். மணி அடித்ததும் கரும்பலகையின் இடது மூலையில் கிளம்பினால் அடுத்த மணிக்கு வலது மூலை. ஏறியவர் ஏறினார், விட்டவர் விட்டார். ஓவிய ஆசிரியனான எனக்கு அவருடைய பக்கத்து மேசை. பத்து வருடம் கேலி செய்தும் வண்டி நிற்கவில்லை.

நிறுத்தியது ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சுப் பெண். அவள் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். டீச்சரும் பக்கத்துக்குப் பக்கம் 'சரி' போட்டிருந்தார். ஒருநாள் ஏதோ நினைப்பில், "முக்கால்னா என்னம்மா?" என்று கேட்டார். அவள் பேந்தப் பேந்த விழித்தாள். பலகையில் இருந்ததை அப்படியே பார்த்து வரைந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"இத்தனை நாளா அவ ஓவியத்துக்கு நான் மார்க் போட்டிருக்கேன் சார்," என்றார் என்னிடம். அன்றோடு நான் கேலியை விட்டேன்.

அதன்பின் ஒவ்வொரு பாடத்தையும் மூன்று விதமாகத் தயாரித்தார். மடித்துப் பார்க்கக் காகிதம், பார்த்துச் சொல்லப் படம், எழுதிப் போடக் கணக்கு. வேண்டியதை எடுக்கலாம், நடுவில் மாற்றிக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. முதல் மாதம் ஒரே சொதப்பல். காகிதம் முழுக்க ராக்கெட்டாகப் பறந்தது. மனுஷி விடவில்லை, மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். மறுநாள் யார் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று தெரிவதற்காக, யார் எதை எடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். கடைசி பெஞ்சுக்காரி நாலு மாதம் காகிதம் மடித்தாள். ஐந்தாம் மாதம் மடித்த கையோடு, "முக்கால்ல பாதி எட்டுல மூணு டீச்சர்!" என்று கத்தினாள்.

அந்த நோட்டை அறிவியல் டீச்சர் கேட்டார். பன்னிரண்டு வருடமாக ஒரே டிபன் டப்பாவில் கைவைக்கும் சிநேகம். மெயில் வண்டி அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"என் கிளாஸ்லயும் செஞ்சு பாக்கறேன்டி, குடு," என்றார். இவரும் கொடுத்தார்.

இரண்டே வாரத்தில் தலைமையாசிரியர் ஆறாம் வகுப்பை மூன்றாகப் பிரித்தார். காகிதம் எடுத்தவர்களுக்கு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இருட்டறை. யாருக்கு எந்த அறை என்ற பட்டியல் அந்த நோட்டிலிருந்து வரிக்கு வரி எடுத்தது. அடியில் அறிவியல் டீச்சரின் கையெழுத்து.

"பிரிக்கிறதுக்கா அதை எழுதுனேன், அக்கா?"

"நல்லதுக்குத்தான்டி செஞ்சேன். உன் உழைப்பு வீணாப் போகலைல்ல?"

பக்கத்து மேசையில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். துரோகம் என்பதைத் தவிர இதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. டீச்சர் தலைமையாசிரியரிடம் மூன்று முறை போய் முட்டிப் பார்த்தார். "உங்க நோட்டுதானே டீச்சர்," என்று அவர் வாயை அடைத்துவிட்டார்.

"யாரும் திருடலை சார். நானே கையில குடுத்தேன்," என்றார் என்னிடம். டிபன் டப்பா திறக்காமலே கிடந்தது.

மாடிப்படியில் அந்தப் பெண் அவரை நிறுத்தினாள். நானும் கூட இருந்தேன்.

"நான் என்ன எடுத்தேன்னு நீங்க எழுதி வச்சீங்களா டீச்சர்?"

"எழுதுனேன்மா."

"யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்கன்னு சொன்னீங்களே."

மூன்று அறைக்கும் கணக்கு அவர்தான். இப்போதும் மேசைமேல் மூன்றையும் வைக்கிறார். காகிதத்தை ஒருவரும் தொடுவதில்லை. எல்லோரும் எழுதுகிற கணக்கையே எடுக்கிறார்கள். நோட்டுகளெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கின்றன.