இருங்கப்பா

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவருக்கு ‘ட்ரங்க்கால்’ என்று பெயர். ரகசியம் பேசினால்கூடப் பக்கத்து ஊருக்குக் கேட்கும். பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்ததில் என் இடது காது மந்தமானதுதான் மிச்சம்.

ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, மகன் அவரை மலைமேல் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டான். “வீட்டுக்கு வெள்ளையடிக்கணும். தூசி உங்களுக்கு ஆகாது. இங்கயே இருங்கப்பா” என்றானாம். கோடையில் போனவர் பனிக்காலம் வந்தும் இறங்கவில்லை. நானே பஸ் ஏறிப் போனேன்.

மலை அழகுதான், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்க மேகம். விடிந்ததும் புல்வெளிக்கு மான்கள் வருகின்றன. ஒரு கிழட்டுக் குரங்கு கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பல் தேய்ப்பதை வேடிக்கை பார்த்தது.

“இவருதான் இங்க சூப்பர்வைசர். லேட்டா எழுந்தா முறைப்பாரு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் குரல் சரியாக எட்டவில்லை. அந்தத் தொண்டையா இது என்று வலது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“எப்ப கீழ வரப் போறீங்க?”

“பையன் வந்து கூட்டிட்டுப் போவான். போன் பண்றப்பல்லாம் ‘இருங்கப்பா’ன்னு சொல்றானே.”

இந்த ஒரு சொல்லில்தான் மனுஷன் மாட்டிக்கொண்டார். எங்கள் தொழிலில் ‘லைன்ல இருங்க’ என்றால் இதோ இணைப்பு தருகிறோம் என்று அர்த்தம். சொல்லிவிட்டு மறந்தால் மேலிடம் தோலை உரித்துவிடும். ஆயுசு முழுக்க அப்படிச் சொன்னவர் மகனின் வார்த்தையையும் அப்படியே எடுத்துக்கொண்டார். அங்கேயே கிட என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு. எனக்கு அது உறைத்தது. வாயைத் திறக்கத்தான் துணிச்சல் இல்லை.

அலமாரி காலியாக இருந்தது. துவைத்த சட்டையைக்கூடப் பெட்டியில்தான் மடித்து வைத்தார். “கூப்பிட்டா உடனே கிளம்பணுமில்ல?” என்றார்.

மறுநாள் மத்தியானம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

“வந்துட்டான்யா!” பழைய ட்ரங்க்கால் குரல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

வேனிலிருந்து இறங்கியவை அவருடைய சாய்வு நாற்காலி, மேசை விசிறி, மனைவியின் படம். மகன் வரவில்லை. “இறக்கி வச்சிட்டு வரச் சொன்னாங்க” என்று டிரைவர் வண்டியைத் திருப்பிவிட்டான்.

பெற்றவனை இப்படியா பார்சல் போடுவது? அவரோ ஒன்றும் நடக்காதது போல, “வெள்ளையடிக்கிறான் பாருங்க, சாமான் கறையாகிடும்னு அனுப்பியிருக்கான்” என்று படத்தைத் துண்டால் துடைத்தார்.

விடுதிக்காரர் சுத்தியலோடு அறைக்கு வந்தார். “அம்மா படத்த எங்க மாட்டட்டும் சார்?”

“ஆணியெல்லாம் வேணாம்பா. அடுத்தவங்க செவுரு. நாளைக்கே போறவனுக்கு எதுக்கு?”

“பரவாயில்ல சார். உங்கள சேர்க்கும்போதே பையன் கேட்டு வச்சிட்டாரு, எத்தன ஆணி வேணும்னாலும் அடிச்சுக்கலாமான்னு.”

அவர் படத்தை மார்போடு பிடித்துக்கொண்டார். “மொத நாளேயா?” என்றார்.

விடுதிக்காரர் ஆணியைப் பல்லில் கடித்தபடி தலையாட்டினார்.