இரண்டு கேமராவும் ஒரு சந்தனப் பொட்டும்

செத்த எலி நாற்றம் அடிக்கும் ஒரு பொருளை மூக்கோடு ஒட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்று பெயர். நாற்றம் அதன் தோல் உறையில் இருந்து வரும். பூஞ்சை பிடித்த தோல். எத்தனை நாள் வெயிலில் காயப்போட்டாலும் போகாது.

எனக்கு இது தேவையே இல்லை. கையில் போன் இருக்கிறது, அதில் நல்ல கேமராவும் இருக்கிறது. அக்காவால் வந்த வினை. சித்தி மகள், ஆனால் எனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி. அவள் கல்யாணத்தில் சேலை, மண்டபம், சாப்பாடு எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவு செய்துவிட்டார்கள். போட்டோ வீடியோ மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு. டிரோன் உண்டு, கிரேன் உண்டு, புகை விடும் மெஷின்கூட உண்டாம். கல்லூரியில் நான் கடன் வாங்கிய கேமராவில் ஃபிலிமில் எடுத்த நாலைந்து படங்களை அவள் பார்த்திருந்தாள். மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனவள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஏலே, எனக்குன்னு ஒரே ஒரு ரோல் எடுத்துக் குடு. நான் பாட்டுக்கு இருக்கணும், நீ பாட்டுக்கு எடுக்கணும். இங்க பாரு, சிரி, கையத் தூக்குன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. அந்தப் படம்தாம்லே என் கல்யாணம்."

அவ்வளவுதான். நானும் பெரிய இவன் மாதிரி சரி என்றுவிட்டேன்.

ரேஞ்ச்ஃபைண்டர்தான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சின்னது, சத்தம் போடாது, பக்கத்தில் நின்று எடுத்தாலும் ஆளுக்குத் தெரியாது. பார்க்கும் கண்ணாடியின் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் மட்டும் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நகர்ந்து வந்து ஒன்றோடு ஒன்று சேரும். சேர்ந்த இடத்தில் அமுக்கினால் படம் தெளிவு. அந்தக் கட்டம் இல்லையென்றால் அது வெறும் டப்பா.

ஆன்லைனில் தேடினேன். அருவருப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கும், மேலே "புத்தம்புது கண்டிஷன்" என்று விற்பவன் போட்டிருப்பான். ஃபிலிம் வேஸ்ட் பண்ண மனசில்லாமல் டெஸ்ட் பண்ணவில்லை என்பான். ஓடாது என்பதைத்தான் இந்த அழகில் சொல்கிறான். படத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கப், ஒரு காய்ந்த பூ. அந்தக் காபியை அவன் தலையிலேயே ஊற்ற வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் ராஜபாளையத்தில் மாமாவிடம் ஒன்று இருப்பதாக அம்மா சொன்னாள். மாமா ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். பட்டாளத்துக்காரர் ஒருவரிடம் வாங்கியதாம். வெள்ளி நிறம், கனமான உடம்பு, ஒன்று புள்ளி ஏழு லென்ஸ்; இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம் வாங்கும். கல்யாணம் நடக்கும் கோயில் மண்டப இருட்டுக்கு அதைவிட நல்லது கிடைக்காது. எட்டிப் பார்த்தால் மஞ்சள் கட்டம் பளிச்சென்று இருந்தது. பின்பக்க மூடியைத் திறந்தேன். வெளிச்சம் புகாமல் இருக்க ஓரத்தில் ஒட்டும் ஸ்பாஞ்சு உருகித் தாராகி என் விரலெல்லாம் ஒட்டியது. அதுகூடப் பரவாயில்லை, மாற்றிவிடலாம். ஷட்டரை அமுக்கினேன். அதன் தகடுகள் தூக்கக் கலக்கத்தில் கண் திறப்பது மாதிரி மெல்லத் திறந்து, அப்படியே நின்றுவிட்டன. தகடு முழுக்க எண்ணெய்.

மாமாதான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மில்லில் நூல் சுற்றும் கதிருக்குப் போடும் எண்ணெயைக் கொண்டுவந்து லென்ஸின் இடுக்கில் விட்டிருக்கிறார். ஷட்டர் தகட்டில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எண்ணெ போடாம எந்த மெஷின் ஓடும்லே? காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாவளாக்கும்? செத்த நேரம் இரு, இன்னும் ரெண்டு சொட்டு விடுவோம், பொறவு பாரு."

கேமராவைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மதுரையில் ரிப்பேர் பார்ப்பவர் போனிலேயே ஒரு மாதம் ஆகும் என்றுவிட்டார். கல்யாணமோ அடுத்த வாரம்.

இரண்டாவது கேமரா ஸ்ரீவில்லிபுத்தூரில், ஸ்டுடியோக்கார அண்ணாச்சி ஒருவரிடம் இருந்தது. இப்போது ஸ்டுடியோ என்பது பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும்தான். மாமாவுடையதையும் கொண்டு போய், அவர் கடைக் கண்ணாடி மேசைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவருடையது கறுப்பு, உள்ளங்கைக்குள் அடங்குவது. லென்ஸ் இரண்டு புள்ளி எட்டு, இருட்டுக்குக் கொஞ்சம் மட்டம்தான். ஆனால் ஷட்டர் எல்லா வேகத்திலும் சுண்டிவிட்ட மாதிரி அடித்தது. லென்ஸில் ஒரு கீறல் இல்லை. மாமாவுடையதில் கட்டம் உண்டு, ஷட்டர் இல்லை. இதில் ஷட்டர் உண்டு, கட்டம் இல்லை. இரண்டையும் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று நினைத்தேன்.

ஏன் கட்டம் இல்லை என்று திருப்பிப் பார்த்தேன். ரேஞ்ச்ஃபைண்டரின் முகத்தில் எட்டிப் பார்க்கும் பெரிய ஜன்னல் ஒன்றும், பக்கத்தில் குட்டி ஜன்னல் ஒன்றும் இருக்கும். அந்தக் குட்டி ஜன்னல் வழியாக வரும் உருவம்தான் கட்டத்தில் தெரிய வேண்டும். அதன்மேல் சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம். அதன்மேல் அடுத்த வருஷத்துச் சந்தனம். காய்ந்து, கறுத்து, ஆறாத புண் மாதிரி இருந்தது. பொட்டு வைக்கவே செய்த இடம் என்று நினைத்து, ஆயுத பூஜைதோறும் சரியாக அங்கேயே வைத்திருக்கிறார்கள். லென்ஸில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறது பாருங்கள், அதுவரைக்கும் சந்தோஷம்.

சுரண்டலாமா என்று கேட்டேன். அன்று வெள்ளிக்கிழமை, சாமிப் பொட்டில் கை வைக்க முடியாது என்று அனுப்பிவிட்டார். சனிக்கிழமை மறுபடி போனேன். அவரே ஈரத் துணியால் ஊறவைத்துச் சுத்தமாக எடுத்தார். எட்டிப் பார்த்தேன். மங்கலாக, ஆனால் உயிரோடு, கட்டம் வந்துவிட்டது. அந்த ஒரு நொடி எனக்கு அண்ணாச்சியைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. போதும் அண்ணாச்சி, நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அவருக்குப் போதவில்லை. செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும் என்று மேல்மூடியைக் கழற்றிவிட்டார். உள்ளே சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி, தங்க மஞ்சள் நிறத்தில்.

"பாத்தீயளா தம்பி, சந்தனம் உள்ள வரைக்கும் எறங்கியிருக்கு."

அது சந்தனம் இல்லை. அந்தக் கண்ணாடியில் பூசியிருக்கும் பூச்சே மஞ்சள்தான். கட்டம் தெரிவதே அதனால்தான். நான் வாயைத் திறப்பதற்குள் தின்னரில் முக்கிய பஞ்சு அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. பஞ்சு மஞ்சளானது. கண்ணாடி வெறும் கண்ணாடியானது.

"இப்பப் பாருங்க, எம்புட்டுப் பளிச்சுன்னு இருக்கு."

நிஜமாகவே பளிச்சென்று இருந்தது. எதிர்க்கடை போர்டைக்கூடப் படிக்கலாம். கட்டம் மட்டும் இல்லை, இனி வரவும் வராது. அண்ணாச்சி காசு வேண்டாம் என்று சொல்லிக் குடிக்க டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு, கறுப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அக்காவிடம் சொன்னேன். இருக்கும் இரண்டில் கறுப்பைத்தான் எடுக்க முடியும், அதிலும் தூரத்தைக் கண்ணால் அளந்து வளையத்தில் வைக்க வேண்டும் என்றேன். மருதாணிக் கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "அளந்து எடு. என்னைய உனக்குத் தெரியாதாக்கும்" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயிலில் கல்யாணம். டேப் வைத்துப் பழகிப் பழகி இரண்டு மீட்டர் என் காலுக்குப் படிந்திருந்தது. ஆனால் முகூர்த்த நேரத்தில் யார் நிற்க விடுகிறார்கள்? வீடியோக்காரன் முழங்கையால் இடித்தான், பின்னாலிருந்து ஒரு பெரியம்மா முதுகில் கை வைத்துத் தள்ளினாள், முன்னால் யாரோ குழந்தையைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் இரண்டு மீட்டர் என்று நினைத்த இடமெல்லாம் ஒன்றரையாகிக்கொண்டே இருந்தது. ரோலை முடித்து, கழுவி ஸ்கேன் செய்யச் சென்னைக்குக் கூரியரில் அனுப்பினேன்.

ஸ்கேன் போனுக்கு வந்தபோது அக்கா மறுவீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். தாலி கட்டும் படத்தில் அவள் முகம் ஆவி படிந்த கண்ணாடியில் தெரிவது மாதிரி கலங்கலாக இருந்தது. அவளுக்குப் பின்னால் தூணில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு அக்குளைச் சொறியும் டிரோன்காரனின் ஒவ்வொரு மீசை முடியும் தெரிந்தது. அடுத்ததிலும் அப்படித்தான். அதற்கு அடுத்ததிலும். அவள் கடைசிப் படம்வரை தள்ளிப் பார்த்தாள்.

"எல்லாரும் தெளிவா இருக்காவ. நான்தாம்லே இல்ல."

போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் அழுதிருந்தால்கூட நான் எதையாவது உளறிச் சமாளித்திருப்பேன். மாமாவை, அண்ணாச்சியை, அந்த மஞ்சள் பஞ்சை, ஊரில் இருக்கும் எல்லாச் சந்தனக் கிண்ணங்களையும் மனசுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்கா இப்போது ஓசூரில் இருக்கிறாள். நான் கூப்பிட்டால் அத்தான்தான் போனை எடுக்கிறார்.