சவர்க்காரத்தில் பதிந்த பற்கள்

தன் கை தன்னைக் கைவிட்டதா என்று ஒரு மனிதன் யாரிடம் போய்க் கேட்பான்? அப்பாசாமி யாரிடமும் கேட்கவில்லை. பித்தளைத் தகட்டில் ஓட்டை போட்டுப் போட்டுப் பார்த்தார்.

காஜா பெராங் வட்டாரத்தில் பஸ் பட்டறை ஆள் அவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டு, எலும்பும் காய்ச்சலுமாகத் திரும்பினார். அன்றிலிருந்து வலது கையில் லேசான நடுக்கம். பட்டறையில் நுட்பமான வேலையெல்லாம் வேறு ஆளுக்குப் போயிற்று. அவருக்கு டயரும் கிரீஸும்தான்.

1957 ஆகஸ்ட் மாதம். வெள்ளைக்காரன் ஆட்சி முடியும் முதல் சுதந்திர நாளன்று தெருமுனைத் தோரணத்தின் கீழே, தானாகக் கையசைக்கும் தகர மனிதனை நிறுத்துகிறேன் என்று வாய்விட்டுவிட்டார். லாரிக் கண்ணாடியில் மழைநீர் துடைக்கும் மோட்டார்தான் அதற்கு உயிர். மோட்டாரின் வேகத்தைத் தணித்துக் கைக்குக் கொடுக்க மூன்று பல்சக்கரங்கள் வேண்டும். பழைய சாமான் கடை அஜீஸிடம் பொறுக்கினார். இரண்டு, உடைந்த இங்கிலீஷ் கருவியில் இருந்தவை. ஒன்று, ஜப்பான் ராணுவம் போட்டுவிட்டுப் போனது.

சக்கரங்கள் நெருங்கினால் இறுகும், விலகினால் வழுக்கும். பற்களுக்கு நடுவே சிகரெட் தாளை வைத்து அழுத்தி, அப்படியே அச்சுக்கு ஓட்டை குறித்து, பிறகு தாளை உருவிவிட வேண்டும். தாளின் கனம்தான் இடைவெளி. அப்படித்தான் செய்தார். மோட்டார் கறகறவென்று அரைத்து நின்றது. ஏழு தடவை குறித்தார். ஏழு தடவையும் நின்றது.

"இந்தத் தகட்டுல இனி இடியாப்பம் புழியலாம்," என்றாள் மனைவி அஞ்சலை.

அவர் சிரிக்கவில்லை. கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுதந்திர நாளுக்கு இன்னும் மூன்று நாள்தான்.

கிரீஸைக் கழுவப் போனபோது, சக்கரமொன்றைச் சவர்க்காரக் கட்டியின் மேல் வைத்தார். எடுத்தால் பல் பதிந்திருந்தது. இரண்டு வகைச் சக்கரத்தையும் பக்கம் பக்கமாக உருட்டினார். தொடக்கத்தில் தடங்கள் ஒத்துப்போயின. போகப் போக விலகி, பதினேழாவது பல்லுக்குள் ஒரு முழுப் பல் தள்ளி நின்றது. மறுபடி உருட்டினார். அதேதான்.

"அஞ்சல, இங்க வா! கையில தப்பில்ல!"

"கையில தப்புன்னு யாரு சொன்னா?"

அவர் சவர்க்காரக் கட்டியைத் தூக்கிக் காட்டினார். அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காலையில் விஷயத்தைக் கேட்ட அஜீஸ் சிரித்தார். "இங்கிலீஷ்காரன் இஞ்சில வெட்டுவான், ஜப்பான்காரன் மில்லிமீட்டர்ல. ரெண்டு பேரையும் ஒரே மேசையில உக்கார வெச்சா சும்மா இருப்பானுங்களா லா?"

"முந்தியே சொல்லப்படாதா பாய்?"

"நீங்க கேட்டீங்களாண்ணே? இந்தாங்க, இங்கிலீஷ் சக்கரம் ஒண்ணு. உங்க ரெண்டோட சேத்தா முடிஞ்சுது வேலை."

அப்பாசாமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பழைய சக்கரங்கள் கிடந்த டப்பாவின் அடியைக் கிளறி, ஜப்பான் சக்கரங்கள் இரண்டைப் பொறுக்கினார்.

"சயாமுக்குப் போய்ட்டு வந்தவரு நீங்க..." அஜீஸ் இழுத்தார்.

"இதக் கட்டிக் குடுங்க பாய்."

புதுத் தகட்டில் ஒரே தடவைதான் குறித்தார். தகர மனிதனுக்கு முழங்கை கொஞ்சம் கோணல். முகமும் அப்படியொன்றும் சிறப்பில்லை. ஆனால் சுதந்திர நாளன்று தோரணத்தின் கீழே, பாட்டரி தீரும்வரை சத்தமில்லாமல் கையசைத்தான். கேட்டவர்களுக்கெல்லாம் சிகரெட் தாளைப் பற்றி விவரமாகச் சொன்னார் அப்பாசாமி. அந்தச் சக்கரங்களை ஏன் எடுத்தீர்கள் என்று அஜீஸ் இரண்டு தடவை கேட்டார், அஞ்சலை ஒரு தடவை. அவர், தன் கையை நடுங்க வைத்தவர்கள் விட்டுப்போன அந்தச் சக்கரங்களின் அச்சுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.