யாரும் தின்னக் கூடாத சூரியகாந்தி

தியாகதுருகத்துக்கு மேற்கே, பெரிய ரோட்டை விட்டு இறங்கினால் வரும் கொல்லை ஒன்றில் அரங்கநாதன் சூரியகாந்திக்குக் காவல் இருந்தார். கிளி வந்தால் தகர டப்பாவைத் தட்டுவார், ஆடு வந்தால் கத்துவார். அந்த விளைச்சலில் வாய் வைக்கிற எந்த உயிருக்கும் கேடு வரும் என்பதால்தான் அந்தக் காவல்.

கொல்லை உமர் பாரூக்குடையது. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மழை பொய்த்த காலத்தில், சும்மா கிடந்த நிலத்தைப் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்குகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். என்ன தொழில் என்று அவர் துருவிக் கேட்கவில்லை. கூலிக்கு அலைந்துகொண்டிருந்த அரங்கநாதன் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். பேட்டரியைக் கோடாலியால் பிளந்து, ஆசிட்டை மண்ணில் கவிழ்த்துவிட்டு, உள்ளே இருக்கும் தகடுகளை உலையில் போட வேண்டும். கையுறை கிடையாது. முதலில் வயிற்றுவலி வந்தது. அப்புறம் வலது மணிக்கட்டு தொங்கிப்போனது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. ஊரில் ஆடுகள் செத்து, ஜனங்கள் திரண்டு போய்க் கேட்டதும், குத்தகைக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். சாம்பல் பூத்த மண் மிஞ்சியது.

அந்த மண்ணைத் தேடித்தான் ஷாலினி வந்தாள். சின்னசேலத்துப் பெண், காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவள். விஷமேறிய மண்ணில் செடி எப்படித் தாக்குப்பிடிக்கிறது, ஈயத்தை எவ்வளவு இழுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. மண் தேறுமென்றால் எதற்கும் தயார் என்றார் பாரூக். கனமான வேலைக்கு ஆகாமல் போன அரங்கநாதனைக் காவலுக்கு வைக்கச் சொன்னதும் அவர்தான்.

அவள் விதைத்த சூரியகாந்தியில் பாதிக்கு மேல் தேறவில்லை. முளைத்து வரும்போதே இலை மஞ்சளடித்துச் சுருண்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாக, தீய்ந்த திரி மாதிரி கறுத்திருந்தது. ஆனால் சில பாத்திகளில் செடி நிமிர்ந்தது. இடுப்பு உயரம்தான், என்றாலும் பூத்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அரங்கநாதன் ஒரு நாள் கேட்டார்.

"ஒரே மண்ணு, ஒரே தண்ணி. இது மட்டும் எப்டிம்மா நிக்குது?"

ஷாலினி ஒரு செடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு விளக்கினாள். வேர் ஈயத்தில் பெரும்பகுதியைத் தன்னோடு ஒட்டி நிறுத்திவிடுகிறது. மீறி உள்ளே வந்ததைச் சுற்றிக் கட்டி, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளில் தள்ளிப் பூட்டிவிடுகிறது. அதற்கே தெம்பெல்லாம் போய்விடுவதால்தான் வளர்த்தி இல்லை.

அவர் தன் கையைப் பார்த்தார். "மனுசன் ஒடம்புல அந்த மாதிரி ரூம்பு கெடையாதா?"

அவள் தயங்கினாள். "எலும்புல போய்த் தங்கும்ணா. ஆனா பூட்டு இல்ல. கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துக்குத் திரும்பி வந்துகினே இருக்கும்."

அவர் தகர டப்பாவை இடது கையில் எடுத்துக்கொண்டு கிளி விரட்டப் போனார்.

பூ முற்றியதும் வேரோடு பிடுங்கி உலர்த்தி, ஆபத்தான கழிவை வாங்கும் இடத்துக்கு லாரியில் அனுப்ப வேண்டும் என்றிருந்தாள் ஷாலினி. எரித்தால் ஈயம் புகையில் போகும்; புதைத்தால் மண்ணுக்கே திரும்பும். ஆள் வைத்துப் பிடுங்கிக் கொல்லை மூலையில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். லாரி வரவில்லை. ஒரு அனுமதி கிடைத்தால் இன்னொன்று வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். ஷாலினி அலைந்து பார்த்தாள். அதற்குள் அவளுடைய ஆராய்ச்சிக் காலம் முடிந்துவிட்டது. கடைசியாக வந்த அன்று, மண்ணில் ஈயம் குறைந்ததே தெரியவில்லை என்றாள். இந்த வேகத்தில் போனால் இங்கே இருக்கிற யாருடைய ஆயுசும் போதாதாம். சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

"நீ இன்னாம்மா பண்ணுவ. ஒன்னால ஆனத செஞ்ச," என்றார் அரங்கநாதன்.

காய்ந்த தண்டு விறகுக்கு நன்றாக இருக்கும். பக்கத்துத் தெரு லட்சுமியம்மாள் ஒரு கட்டு எடுக்க வந்தபோது அவர் மறித்தார். அடுப்பில் வைத்தால் வீடெல்லாம் விஷப்புகை அடையும் என்று சொல்லிப் பார்த்தார். அவள் நம்பவில்லை.

"வெல வச்சி விக்கக் காத்துக்கினு இருக்கியா? சும்மா கெடக்கறத எடுத்தா ஒனக்கு இன்னா?"

ஊரும் அப்படித்தான் பேசியது. கூலி நின்ற பிறகும் ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க அவர்களுக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

ஐப்பசி மழையில் தார்ப்பாய் கிழிந்தது. குவியல் ஊறி அழுகி, அடியில் கசிந்த கறுப்புத் தண்ணீர் பாத்திகளுக்கே ஓடியது. பாரூக் குடையோடு வந்து நின்று பார்த்தார். மனை போட்டு விற்கச் சொல்லி ஆட்கள் நச்சரிப்பதாகவும், தெரிந்தே ஒரு குடும்பத்தை இதன்மேல் குடிவைக்க மனசு வரவில்லை என்றும் சொன்னார். முள்கம்பி போட்டுவிடலாம் என்றார். அது ஒன்றுதான் நடந்தது.

தை பிறந்தபோது அரங்கநாதனின் இடது கையும் தளர்ந்தது. உதிர்ந்த விதைகளிலிருந்து கம்பிக்குள் சூரியகாந்தி தானாக முளைத்திருந்தது. ஆடுகள் கம்பிக்கு அடியில் நுழைந்து மேய்ந்தன. ஒரு பக்கம் விரட்டினால் மறுபக்கம் வந்தன. செடிகளையே பிடுங்கிப் போடலாமென்று குனிந்தார்; விரல்கள் தண்டைப் பற்றவில்லை. தேடிக்கொண்டு வந்த அவர் மனைவி தைலம்மாள், தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"வூட்டுக்கு வாய்யா. எத்தினி நாளு காப்ப?"

அவள் பின்னாலேயே நடந்தார்.