ஏழு மணிக்கு ஏறும் கோடு

திருமயம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் ஜாக்கெட் தைக்கும் பிரகதீஸ்வரிக்கு வாய் கொஞ்சம் நீளம். அளவு கொடுக்க வந்தவளை அரை மணி நேரம் கதை பேசித்தான் அனுப்புவாள். கத்தாரில் இருக்கும் புருஷன் சிவபிரகாஷ் போன தையில் ஸ்மார்ட் வாட்ச் ஒன்று கொடுத்தனுப்பியதிலிருந்து கதை முழுக்க அந்த வாட்ச்தான்.

"என் நெஞ்சு துடிக்கிறதக்கூட இது எண்ணுதுடி. ஒடம்பப் பாத்துக்கன்னு அவுக வாங்கி அனுப்புனது."

கொழுந்தன் உதயசூரியன்தான் அதை அவள் போனில் இணைத்துக் கொடுத்தான். அந்தத் துடிப்பெல்லாம் கத்தாரில் அண்ணன் போனுக்கும் போகிறது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

சிவபிரகாஷ் தினமும் வேலை இடைவேளையில் வீடியோவில் கூப்பிடுவான். அங்கே நாலரை, இங்கே ஏழு. அவள் முன்னதாகவே கடையைப் பூட்டி, பஸ் பிடித்து ஓடிவந்து, முகம் கழுவி, பூ வைத்து உட்காருவாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் கூச்சம் போகாதவள். போன் அடித்தால் நெஞ்சு படபடக்கும்.

ஆடி மாதம் ஒரு நாள் அவன் முகம் சரியில்லை.

"ஒன்னு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. தெனம் ஏழு மணிக்கு யாரு வாரா?"

"என்னங்க சொல்றீங்க?"

"ஒன் நெஞ்சு அடிக்கிறது எனக்கு இங்க கோடு கோடாத் தெரியுதுடி. நான் பேசுற நாலரைக்கு சும்மா கெடக்கு. ஏழு மணிக்கு மட்டும் குதிக்குது. இங்க ஏழுன்னா நான் சோறு பொங்குற நேரம், ஊர்ல ராத்திரி ஒம்பதரை. உதயனையும் பாக்கச் சொல்லியிருக்கேன், ஆளுதான் சிக்க மாட்டேங்குறான்."

அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. ராத்திரியில் கொழுந்தன் வாசல் பக்கம் நிற்பதைப் பார்த்து, தனியாக இருக்கும் அண்ணிக்குக் காவல் என்று நம்பி, நேற்றுக்கூட மோர் கொண்டுபோய்க் கொடுத்தாளே, பாவி மகள்.

"வாட்ச்சு என் கையிலதான இருக்கு? அது காட்டுறது நம்ம ஊரு ஏழு மணிங்க. ஒங்களுக்கு அப்ப நாலரை. நீங்க கூப்புடுற நேரம்."

சிவபிரகாஷ் விரல்விட்டு மணிக்கணக்குப் பார்த்தான். பிறகு அசடு வழியச் சிரித்தான்.

"அட, எனக்குத்தானா? சரி விடு. தனியாக் கெடக்கிறவனுக்கு புத்தி கண்டபடி போகும். மனசுல வச்சுக்காத."

சிரிக்கிறான் மனிதன்! யாரிடமும் சொல்லாமல் அவள் பொத்தி வைத்திருந்த ஒரே சந்தோஷம் அந்தப் படபடப்பு. அதையே கள்ளத்தனம் என்று நினைத்து, தம்பியைக் கூட்டு வைத்துக்கொண்டு ஆறு மாதம் வேவு பார்த்தவனுக்குச் சிரிப்பு வருகிறது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

மறுநாள் கடையில் யாரிடமும் கதை பேசவில்லை. சாயங்காலம் கிடைத்த பஸ்ஸில் நிதானமாக வந்தாள். முகம் கழுவவில்லை, பூ வைக்கவில்லை. போன் அடித்ததும் எடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின.

வாரக் கடைசியில் அவனே கேட்டான்.

"ஏன்டி, இப்பல்லாம் ஏழு மணிக்குக் கோடு ஏறவே இல்லையே. வாட்ச்சு எதும் கெட்டுப்போச்சா?"

இன்னமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அவள் மணிக்கட்டைத் தூக்கி அவனுக்கு நேராகக் காட்டினாள்.

"இல்லங்க, நல்லாத்தான் வேலை செய்யுது."