பன்றி லோரியில் வந்த துணை

அந்த மாட்டுவண்டியில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சொக்கலிங்கம். அவர் மனைவி மீனாட்சியம்மாள். அவர் மைத்துனர் மாணிக்கம். பிறகு நானும் என் மனைவி பாக்கியமும். முன்னால் வண்டிக்காரர். என் தகப்பனார் வரவில்லை. ரயில் பாதையில் கட்டை மாற்றுகிற கூலிக்காரருக்கு அந்த வண்டியில் இடம் கிடையாது என்று சொக்கலிங்கம் முன்னமே சொல்லிவிட்டார். அந்தக் கூலிக்காரர் பெற்ற பிள்ளைக்கு மட்டும் எப்படி இடம் கிடைத்தது? நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. சொக்கலிங்கத்தின் கடைக்கு வேண்டிய இங்கிலீஷ் கடிதங்களைச் சும்மா எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவன். பக்தியை நிறுக்க அவர் வைத்திருந்த தராசு அப்படிப்பட்டது.

அடியார்களே, முருகன் என் மனைவியின் உயிரைத் திருப்பிக் கொடுத்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். சொல்லும்போது இந்த மனிதர்களும் வருவார்கள். அவர்களைப் பற்றி மரியாதையாகப் பேச எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முந்திய தைப்பூசம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். பிள்ளை வரம் கேட்டுப் பாக்கியம் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் விரதம். பத்துமலைக்கு ரயில் இருக்கிறது. தைப்பூசத்துக்குக் கூடுதலாகவும் விடுகிறார்கள். ஆனால் சொக்கலிங்கத்துக்கு ரயில் ஆகாது. "கண்டவனும் உக்காந்த பலகையில உக்காந்துட்டு சாமிகிட்ட போறதா?" என்பார். அவர் கடைத் துணி மூட்டைகள் அதே ரயிலில்தான் வருகின்றன. அவற்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இறக்குவார். துணிக்கு மட்டும் தீட்டு ஒட்டாது போலும்.

அதனால் கிள்ளானிலிருந்து மாட்டுவண்டி. ஒரு நாள் முழுக்க ஆடி ஆடிப் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்து, அங்கே தங்கி, மறுநாள் காலையில் பத்துமலை என்று ஏற்பாடு. வழியெல்லாம் சொக்கலிங்கத்தின் விரதத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். அடியில் பஞ்சு மெத்தை. கைக்கெட்டும் இடத்தில் நெய்யில் சுட்ட வடை. மடியில் வெள்ளைத் துணியில் சுற்றிய மயிற்பீலிக் காவடி. அடிக்கடி "முருகா" என்பார். ஏப்பமும் கூடவே வரும். எது எதற்குத் துணை வந்தது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பாக்கியம் கிள்ளானைத் தாண்டியதே அன்றைக்குத்தான். வண்டியின் பின்னால் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எதிர்ப்பட்ட மைல் கல்லையெல்லாம் என்னை வாசிக்கச் சொன்னாள்.

"இதுல என்னங்க எழுதியிருக்கு?"

"கோலாலம்பூர் பதினொன்னு."

"அதுக்கு முன்னாடி இருந்த கல்லுல?"

"பன்னெண்டு."

"அப்ப நகருதுதான். நான் மாடு நின்ன எடத்துலயே நிக்குதுன்னு நெனச்சேன்."

சிரித்தோம். சொக்கலிங்கம் திரும்பிப் பார்த்து முறைத்தார். விரதத்தில் சிரிக்கக் கூடாதாம். அவர் முகத்தைத் திருப்பியதும் பாக்கியம் என் காதருகே குனிந்தாள்.

"நாள் தள்ளிப் போயிருக்குங்க. ரெண்டு மாசம். பால்குடத்த எறக்கிட்டுச் சொல்லலாம்னுதான் இருந்தேன். வாய் நிக்கல."

அதற்குப் பிறகு நாங்கள் பினாங்குக்குப் போயிருக்கிறோம். மலாக்காவுக்கும் போயிருக்கிறோம். கடலைப் பார்த்திருக்கிறோம், மலை ரயிலில் ஏறியிருக்கிறோம். ஆனால் அந்த வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து கடந்த ஒரு மைலுக்கு எதுவும் ஈடாகாது. எங்கள் பயணங்களில் அழகானது அது. பயங்கரமானது அதற்கு அடுத்த நாள்.

காலையில் செந்தூலைத் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. ஈயம் தோண்டுகிற லம்பத்து வண்டிகள் உழுது போட்ட சாலை. ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் விழுந்து எழுந்தது. திடீரென்று பாக்கியம் என் கையை நெரித்தாள். முகம் வெளுத்துவிட்டது. அவள் கட்டியிருந்த மஞ்சள் சேலையில் ரத்தம்.

மீனாட்சியம்மாள்தான் முதலில் பார்த்தாள். "என்னங்க, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. இந்தப் பொண்ணுக்கு..."

சொக்கலிங்கம் திரும்பினார். பார்த்தார். உடனே காவடியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எறக்கு! மொதல்ல கீழ எறக்கு! காவடி இருக்கு வண்டியில!"

"மொதலாளி, இது தூரம் இல்ல. உண்டாகியிருக்கா. ரெண்டு மாசம்."

"உண்டானா என்ன, உண்டாகாட்டி என்ன? ரத்தம் ரத்தம்தானே தம்பி? படிச்சவன் ஒனக்குத் தெரியாதா?"

"வண்டியத் திருப்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம். கெஞ்சிக் கேக்குறேன்."

"திருப்புறதா? ஒரு மண்டலம் வெரதம் இருந்துட்டு, மலையடிக்கு வந்து திருப்புறதா?"

மாணிக்கம் குதித்து இறங்கி எங்கள் மூட்டையைச் சாலையோரம் வைத்தார். "கிராணியாரே, அந்தா மரம் இருக்கு, நல்ல நெழல். நாங்க திரும்பி வர்றப்ப ஏத்திக்கிறோம்லா."

அவர்கள் திரும்பி வருவது மறுநாள்.

"இது வேற மாதிரி இருக்குங்க," என்றாள் மீனாட்சியம்மாள். "நீ சும்மா இரு," என்றார் அவர். சும்மா இருந்தாள். நாலு பிள்ளை பெற்றவள். அது என்னவென்று அந்த வண்டியில் இருந்த எல்லாரையும்விட அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தாள். வண்டி நகரும்போது பழைய சேலை ஒன்றை எங்கள் பக்கம் எறிந்தாள். அதற்கு நன்றி சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

பாக்கியத்தை மரத்தடியில் படுக்க வைத்தேன். சேலை நனைந்துகொண்டே இருந்தது. அவளைத் தனியே விட்டு ஓடவும் முடியவில்லை, தூக்கிக்கொண்டு நடந்தால் ரத்தம் அதிகமாகிறது. சாலையில் வண்டிகளுக்குக் குறைவில்லை. எல்லாம் பத்துமலைக்குப் போகிற வண்டிகள். "வேல் வேல்!" என்று கூவிக்கொண்டு வந்தார்கள். கையைக் காட்டினேன். ரத்தத்தைப் பார்த்ததும் கூவுவதை நிறுத்தி, எங்களைத் தாண்டியதும் மறுபடி கூவினார்கள். ஒருவர் "பாவம்" என்றார். அவர் மாடுகூட நிற்க நினைத்தது, அவர்தான் சாட்டையால் தட்டினார். ஒரு மோட்டார் காரும் போயிற்று. அது கொடுத்தது தூசி.

நெற்றி நிறையத் திருநீறு. கழுத்து நிறைய உருத்திராட்சம். உள்ளே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

பாக்கியம் கண்ணைத் திறக்காமல், "பால்குடம்..." என்றாள். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அதுவரை எனக்குத் தெரிந்த பாட்டும் மந்திரமும் ஒன்றும் வாயில் வரவில்லை. பேரம் பேசவும் தோன்றவில்லை. கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? "முருகா, இவளை எனக்குக் கொடு" என்றேன். அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அழுதேன்.

அப்போது எதிர்ப்பக்கமிருந்து ஒரு லோரி வந்தது. மூக்கிலிருந்து ஆவி கக்கிக்கொண்டு வந்தது. எங்களுக்கு நேரே நின்றது. பின்னால் பிரம்புக் கூடைகள். ஒவ்வொரு கூடையிலும் ஒரு பன்றி. கோலாலம்பூர் பாசாருக்கு, சந்தைக்கு, போகிற சரக்கு. ஓட்டிவந்த சீனர் காலித் தகர டின்னோடு இறங்கி, எங்கள் பக்கத்துப் பள்ளத்தில் தண்ணீர் மொள்ளக் குனிந்தார். எங்களைப் பார்த்தார்.

"பினி சாகிட்?" என்றார். பெண்சாதிக்கு உடம்பு சரியில்லையா என்று.

தலையை ஆட்டினேன். அவர் தகரத் தண்ணீரைக் கொதிக்கிற லோரியின் மூக்கில் கவிழ்த்துவிட்டு ஓடிவந்தார். சேலையைப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. குனிந்து பாக்கியத்தின் கால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆங்காட்! ஆங்காட்லா!" என்று என்னை அதட்டினார். தூக்கினோம். முன்பலகையில் அவளைக் கிடத்தினோம். எனக்கு அங்கே இடமில்லை. பின்னால் ஏறி, பன்றிக் கூடைகளுக்கு நடுவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மஞ்சள் வேட்டி, விரத மாலை, காலைச் சுற்றிலும் பன்றிகள். எதிரே வந்த பக்தர்கள் என்னைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அவர்களைப் பார்த்து மூக்கைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்க வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அவரே குரல் கொடுத்து ஆட்களைக் கூட்டினார். அவளை உள்ளே கொண்டுபோனதும் நான் காசெடுக்க இடுப்பு முடிச்சை அவிழ்த்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். "வாடகை பன்றிக்குத்தான்" என்று மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தார். பெயரைக் கேட்பதற்குள் லோரி போய்விட்டது.

கரு தங்கவில்லை. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் அவளும் தங்கியிருக்கமாட்டாள் என்றார் டாக்டர். நான் கேட்டது அவளை. அவளைக் கொடுத்தான். அந்த லோரிக்குத் தண்ணீர் எங்கே வேண்டுமானாலும் தீர்ந்திருக்கலாம். எங்கள் மரத்துக்கு நேரே தீர்த்தவன் யார்? இதை நான் யாரோடும் வாதாடத் தயாரில்லை.

மறுநாள் பாக்கியம் கண் விழித்து என்னைப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

"உங்க மேல ஒரு வாடை அடிக்குதுங்க."

"பன்னி."

"நெசமாவா?" என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். நானும்.

கிள்ளானுக்குத் திரும்பியதும் சொக்கலிங்கம் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். உடம்பு எப்படி என்று கேட்பார் என நினைத்துப் போனேன். வண்டியைக் கழுவிப் புண்ணியாகம் செய்ய, காவடிக்குத் தீட்டுக் கழிக்க, எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு வெள்ளி கேட்டார். மாணிக்கம் துணியை மடித்துக்கொண்டே, "கிராணியாரு பன்னி லோரியில ஊர்வலம் வந்தாராம்லா! பின்னால மேளம் ஏதும் வச்சாங்களா?" என்றார்.

"வச்சாங்க. உங்களவிட நல்லாத்தான் கத்துச்சு," என்றேன். பணம் கொடுக்கவில்லை. அன்றோடு அந்தக் கடைக்குக் கடிதம் எழுதுவதையும் விட்டேன். அந்தக் கூட்டத்தையும் விட்டேன். முருகனை விடவில்லை.

அடியார்களே, நீங்களும் அவனை நம்புங்கள். ஆபத்தில் வாய்விட்டுக் கூப்பிடுங்கள். பாட்டு வராவிட்டால் பரவாயில்லை. ஆனால் அவன் எந்த வாகனத்தில் வரவேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள். அவனுக்கும் உங்களுக்கும் நடுவே மெத்தை போட்டு உட்கார்ந்திருப்பவனிடம் அனுமதியும் கேட்காதீர்கள்.

அடுத்த தைப்பூசத்துக்கு நாங்கள் இருவர் மட்டும் ரயிலில் போனோம். கண்டவரும் உட்கார்ந்த பலகையில் உட்கார்ந்தோம். பாக்கியம் பால்குடத்தைக் குகைவரை சுமந்து இறக்கினாள். பிறகு அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"பேரு தெரியாதுங்க சாமி. லோரி ஓட்டுறவரு. சீனரு."

குருக்கள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பெயர் தெரியாவிட்டால் என்ன செய்வது வழக்கமோ அதையே செய்தார். "சுவாமி பேருக்கே பண்ணிடுறேன்," என்று தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். முருகன் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. பாக்கியம் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள்.

இரண்டு பேருக்கும் போக வர ரயிலுக்கு இரண்டு வெள்ளி நாற்பது காசு. பால், தேங்காய், சூடம் முப்பது காசு. அர்ச்சனை பத்துக் காசு. சொக்கலிங்கத்துக்குக் கொடுக்காத பன்னிரண்டு வெள்ளியில் மொத்தச் செலவு இரண்டு வெள்ளி எண்பது காசு.